துண்டுக்கு அடியில் ஒரு கை

ஐம்பது வயதைத் தாண்டியதும் எனக்கு அந்தத் தொல்லை ஆரம்பித்தது. அடிக்கடி சிறுநீர் முட்டும். போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிற எங்களுக்கு உடம்பில் எது வந்தாலும் அது வத்தல் சூடுதான். நானும் செம்பு செம்பாக நீர்மோர் குடித்தேன். தொல்லைதான் கூடியது. வீட்டில் சொல்லவும் வெட்கம்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசுவோம். அன்று சாத்தூரிலிருந்து வந்த முன்பின் தெரியாத வியாபாரி ஒருவரோடு அப்படிப் பேரம் நடந்தது. நடுநடுவே நான் எழுந்து ஓடிக்கொண்டிருந்தேன். ஒருமுறை திரும்பி வந்து துண்டுக்குள் கையை நீட்டினால், அவர் விரலைப் பிடிக்கவில்லை. என் கை முழுவதையும் பொத்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீக. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இது சூடு இல்லை. மதுரையில இதுக்குன்னே டாக்டர் இருக்காரு. ஒரேயடியா அடைச்சுக்கிடுறதுக்கு முந்திப் போய்க் காட்டுங்க" என்றார், யாருக்கும் கேட்காமல்.

மறுநாளே ரயிலேறினேன். மூத்திரப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி வீங்கி வழியை நெரிப்பதாக டாக்டர் சொன்னார். ஆபரேஷன் செய்து, எடுத்ததைச் சோதித்த பிறகு, "புற்று இல்லை. வயதானால் பலருக்கும் வருவதுதான். தள்ளிப்போட்டிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும்" என்றார்.

அன்று வத்தல் என்ன விலைக்குப் போனதென்று எனக்கு நினைவில்லை. இப்போது என் வயதுக்காரர் யாராவது பேரத்தின் நடுவில் எழுந்து எழுந்து ஓடினால், அவர் வரும்வரை காத்திருக்கிறேன். வந்ததும் துண்டைப் போட்டு, விரலை விட்டுவிட்டுக் கையைப் பிடிக்கிறேன்.