பத்தொன்பது பேர் நின்ற பால்கனி

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. லிப்டில் ஏறமாட்டார். ஏழாவது மாடியில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் படியேறிப் போய்ச் சேர்வதற்குள் வந்த விஷயமே மறந்துபோயிருக்கும். போன் அடித்தால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்பார். இப்படிப்பட்ட மனிதர் இருபத்திரண்டு வருஷம் ஊரறிய ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார் என்பதுதான் வேடிக்கை. அந்தத் தூக்கம் கெட்டது, பொய்யின் அடியில் ஒரு விரிசலைப் பார்த்த பிறகு.

முதலில் அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடிப்பதே பிழைப்பு. அச்சகம் மூடியபோது, அங்கே வந்துபோன எழுத்தாளர்களின் சண்டை சச்சரவு, பக்கத்துத் தெருக்களில் நடந்த படப்பிடிப்பு எல்லாம் தலைக்குள் மிச்சமிருந்தன. அதைக் கேட்ட ஒரு சுற்றுலா அலுவலகம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்லச் சொன்னது. பழைய சினிமா, பழைய இலக்கியம், மூன்று மணி நேரம், ஒன்றரை மைல்.

காலை ஏழரைக்கு மூடிக்கிடக்கும் தியேட்டரின் டிக்கெட் ஜன்னலில் ஆரம்பிப்பார். பிறகு அச்சகச் சந்து. அங்கே ஒரு நாவலாசிரியர் தன் கதாநாயகியைச் சாகவிட்ட அத்தியாயத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு ஓடிய வாசற்படியைக் காட்டுவார். பிறகு ஒரு கவிஞர் வாடகை பாக்கிக்குப் பயந்து பின்பக்கமாக இறங்கிப்போன இரும்பு ஏணி. எல்லாம் நடந்தவை, எல்லாம் அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டவை. கடைசியில்தான் பால்கனி. அந்தத் தெருக் கடைக்காரர்களுக்கு அவர் பெயரே 'பால்கனி சார்'தான்.

ஒரு பழைய படத்தில் கதாநாயகி அப்பாவிடம் கோபித்துக்கொண்டு பால்கனியில் நின்று, தனக்கு வந்த கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துத் தெருவில் இறைப்பாள். கீழே அப்பா "இறங்கி வா" என்று கத்துவார். அவள் "வரமாட்டேன்" என்பாள். படம் பார்த்த தலைமுறைக்கு அந்த இடம் மனப்பாடம். படம் எடுத்த வீடு எது என்று அவருக்குத் தெரியும். ஆனால் முதல் நடைக்கு இரண்டு வாரம் முன்பு அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அன்று வந்த கூட்டத்தில் ஓர் அம்மாள் ஆசையாக, "அந்த பால்கனி எங்க சார்?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எதிரே தெரிந்த ஒரு பால்கனியைக் கை காட்டிவிட்டார். கிட்டத்தட்ட அதே மாதிரி பூவேலை செய்த கம்பிதான்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதை நிலைநிறுத்த ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். இவருக்கு அந்தச் சிரமமே வரவில்லை. அலுவலகம் துண்டுப் பிரசுரத்தில் போட்டது. பத்திரிகையில் வந்தது. அந்த வீட்டில் தனியாக இருக்கும் வீட்டுக்கார அம்மா, "எனக்கு அப்ப பத்து வயசு, ஷூட்டிங்கை இந்தக் கண்ணால பார்த்தேன்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நாளடைவில் இவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. வருகிறவர்கள் மேலே ஏறிக் காகிதம் கிழித்துப் போட, இவர் கீழே நின்று அப்பாவாகக் கத்துவார். அவர்கள் மேலிருந்து "வரமாட்டோம்" என்பார்கள். சிரிப்பு, போட்டோ, கைதட்டல். அத்தோடு நடை முடியும்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே நின்று கத்தும்போது அவர் வாயில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். பால்கனி சுவரோடு சேருமிடத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பென்சிலால் கோடு இழுத்தது போல ஒரு விரிசல். தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார். கொத்தனார் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள இரும்பு துருப்பிடிச்சுப் போச்சு சார். சும்மா இருந்தா பத்து வருஷமும் நிக்கும். இருபது பேர் ஏறினா எப்பன்னு சொல்ல முடியாது."

அலுவலக மேனேஜரிடம் சொன்னார். சின்ன வயதுக்காரி, கெட்டிக்காரி. "போர்டு வெச்சிடலாம் சார்" என்றாள். 'ஒரே நேரத்தில் ஐந்து பேர் மட்டும்' என்று போர்டு வந்தது. ஜனங்கள் போர்டோடும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கார அம்மாவிடம் மாடிக்கதவைப் பூட்டச் சொன்னார். "நீங்கள்லாம் வந்தாத்தான் எனக்கு ஞாயித்துக்கிழமைன்னே தெரியுது. அதையும் பூட்டச் சொல்றீங்களா?" என்று அந்த அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் அந்தத் தெருவையே விட்டுவிட்டு வேறு வழியாகக் கூட்டிப்போனார். கூட்டம் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பால்கனியைக் காட்டாமல் விடமாட்டோம் என்று அவரை நெட்டித் தள்ளாத குறையாகத் திருப்பிக் கொண்டுவந்தது.

வீட்டில் மனைவி, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். விரிசல் இல்லாத பழைய வீடு எங்க இருக்கு? நம்ம சமையல்கட்டைப் பாருங்க" என்றாள். அவர் சமையல்கட்டைப் பார்த்தார். அன்றிலிருந்து அங்கேயும் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

ஐந்தைந்து பேராகத்தான் விட்டார். படிக்கட்டு வாசலை மறித்துக்கொண்டு கோழிக்குஞ்சு எண்ணுவது போல எண்ணி அனுப்பினார். அவர்கள் இறங்கும்போதும் ஒருதடவை எண்ணுவார். ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்து படுத்தால், இன்னும் ஏழு நாள் யாரும் சாகமாட்டார்கள் என்ற ஒரே ஆறுதல். இதையெல்லாம் பூட்டிவிட ஒரே ஒரு சாவி அவர் கையில் இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும். படம் எடுத்த இடம் இது இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாய்கூட அங்கே ஏறாது. ஆனால் சொன்னால் வேலை போகும், மானம் போகும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்து வந்து திரும்பிப் போனது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சங்கம் ஒன்று இருபது பேராக வந்தது. தெருமுனையில் ஒரு பெரியவருடைய செருப்பு வார் அறுந்தது. இவர் குனிந்து அதற்கு ஊக்கு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மற்றவர்கள் பிரசுரத்தைப் பார்த்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா வாய் நிறைய வரவேற்று மேலே அனுப்பிவிட்டார். இவர் திரும்பி வந்து பார்த்தபோது பால்கனியில் பத்தொன்பது பேர். வகுப்புக்கு மணி அடித்ததும் ஓடிவந்த பிள்ளைகள் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

"இறங்கி வாங்க! எல்லாரும் இறங்கி வாங்க!"

மேலே ஒரே சிரிப்பு. "வரமாட்டோம்!" என்று பத்தொன்பது குரல். காகிதத் துண்டுகள் பறந்து வந்து அவர் தலையில் விழுந்தன.

"நடிக்கலைங்க, நிஜமாத்தான் சொல்றேன். அது விழுந்துடும்."

"சார் என்னமா நடிக்கிறார் பாருங்க" என்றார் மேலே ஒருவர். பின்வரிசை முன்னால் நெருக்கியது. காகிதத்தோடு சேர்ந்து விரல்கடை அளவு காரை ஒன்று அவர் தோளில் விழுந்தது. மேலே ஏறிப் போகலாம், ஆனால் இவர் எடையும் அதன்மேல்தான் சேரும். பத்தொன்பது முகத்தையும் பார்த்தார். ஒவ்வொரு முகத்துக்கும் ஏதோ ஒரு வீட்டில் சாப்பாட்டை எடுத்துவைத்துக்கொண்டு யாரோ காத்திருப்பார்கள். தலைக்கு மேல் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன.

"அந்தப் படம் இங்க எடுக்கலை" என்றார். குரல் கிறீச்சிட்டது. "நான் சொன்னது பொய். அந்த வீட்டை இடிச்சு இருபத்திரெண்டு வருஷமாச்சு. இப்ப அங்க கார் நிறுத்துறாங்க. இது சும்மா ஒரு வீடு."

சிரிப்பு நின்றது. தலைமையாசிரியையாக இருந்த ஒரு அம்மாள் மேலிருந்து கேட்டாள். "அப்ப இத்தனை வருஷமா?"

"இத்தனை வருஷமாவும் பொய்தாங்க."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். பயமுறுத்தியபோது அசையாதவர்கள் ஏமாந்ததும் மடமடவென்று இறங்கிவிட்டார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பு அறுந்த பெரியவர் மட்டும், ஊக்குக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று தயங்கிவிட்டுப் போனார். பால்கனி விழவில்லை. வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, "நான் கண்ணால பார்த்த ஷூட்டிங்கை இல்லைன்னு சொல்ல நீங்க யாரு?" என்று கத்தினார்.

மறுநாளே வேலை போயிற்று. மனைவி, "பொய் சொன்னப்ப சோறு போட்ட கை இப்பவும் போடும், விடுங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அந்தத் தெருவுக்குப் போய் எதிர்ப்பக்கம் நின்று விரிசலைப் பார்த்துவிட்டு வருவார். விழுந்து தொலைந்தால் நாலு பேராவது நம்புவார்களே என்று ஒரு நாள் நினைத்தார். நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாலாவது ஞாயிறு, புது கைடு ஒருவன் முப்பது பேரோடு தெருவுக்குள் வந்தான். பால்கனிக்கு எதிரே நிறுத்தினான். "ஒரு மனுஷன் இருபத்திரெண்டு வருஷம் ஊரையே நம்பவெச்ச பால்கனி இதுதாங்க" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். தபதபவென்று ஏறினார்கள். போர்டைக் காணோம்.

"ஏறாதீங்க, விழுந்துடும்" என்று இவர் கத்தினார்.

"அதோ, அந்த மனுஷன் அவர்தான்!" என்று புது கைடு கை நீட்டினான். மேலே இருந்த அத்தனை போனும் இவர் பக்கம் திரும்பின. "ஏங்க, இதுவும் பொய்யா?" என்று யாரோ கேட்டார்கள். காரைத் தூள் மெல்ல உதிர்வது இவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. சொல்ல அவரிடம் இன்னொரு உண்மை இல்லை.

பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு கடையைப் பார்த்தார். தரைமட்டத்தில் ஒரு ஜன்னல். சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கெட்டியாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பால்கனியை விடுங்க. இன்னும் யாருக்குமே சொல்லாத ஒண்ணு இருக்கு. இந்த ஜன்னல்ல உட்கார்ந்துதான் ஒருத்தர் தன் கடைசிக் கதையை எழுதினார். இங்க வந்தாத்தான் சொல்லுவேன்."

"புதுசா ஒண்ணு விடுறார்டா, வாங்க வாங்க" என்று மேலே ஆரவாரம். பொய்யரின் பொய்யைச் சுடச்சுடக் கேட்பதற்கு யாருக்குத்தான் ஆசை இருக்காது? படியில் காலடிகள் இறங்கிவந்தன. "யாருங்க அந்த எழுத்தாளர்?" என்று முதலில் வந்தவள் கேட்டாள். அவர் இறங்குகிறவர்களை இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று எண்ணிக்கொண்டே நின்றார். முப்பதாவது ஆள் தெருவில் கால்வைத்த பிறகுதான் கதையை ஆரம்பித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு கதை வேண்டும், அதற்கடுத்த ஞாயிற்றுக்கும் வேண்டும் என்ற நினைப்பு நடுவில் வந்தபோது மட்டும் அவர் குரல் ஒருதடவை உடைந்தது.