கடைசிப் பெட்டி தாண்டும் வரை

நான்கு பேர் உட்காரும் மேசைக்கு ஒரே ஒரு சாக்பீஸ்தான். நால்வரும் விடையை ஒப்புக்கொண்ட பிறகே அது கரும்பலகையைத் தொடலாம். ஒருவருக்குப் புரியவில்லை என்றாலும் கையிலேயே இருக்க வேண்டும். கொல்கத்தா பக்கத்துச் சாந்த்ராகாச்சியில் நான் ஏழாம் வகுப்பில் சேர்ந்தபோது கணக்கு மேடம் வைத்திருந்த சட்டம் இது. எங்கள் மேசையின் சாக்பீஸ் ரயில் கார்டு ஒருவரின் மகளிடம் இருக்கும். அவளுக்கு உள்ளங்கை எப்போதும் வியர்க்கும். பாதி நனைந்த சாக்பீஸால் எழுதுவதால் எங்கள் விடை மட்டும் மங்கலாகத் தெரியும். இன்று அவள் முகத்தைவிட அந்த மூடிய கைதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

அப்பாவின் மாற்றலோடு அப்போதுதான் வந்திருந்தோம். அவர் ரயில் டிரைவர். எனக்கு வங்காளம் சுத்தமாக வராது, ஹிந்தி அரைகுறை. ஆங்கிலப் பள்ளிதான், ஆனால் குழுவாக உட்கார்ந்துவிட்டால் பிள்ளைகள் சண்டை போடுவதெல்லாம் வங்காளத்தில். எங்கள் மேசையில் மட்டும் எனக்காக வேகத்தைக் குறைப்பார்கள். கார்டின் மகள் ஒரு வரி பேசுவாள், அதையே உடைந்த ஆங்கிலத்தில் எனக்குச் சொல்வாள், பிறகுதான் அடுத்த வரி. அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மேசைதான். மிகவும் பின்தங்கும் மேசையை வெள்ளிக்கிழமை கலைத்துவிடுவேன் என்று மேடம் சொல்லியிருந்தார். பின்தங்கியிருந்தது நாங்கள்தான். அன்று தரும் கணக்கை மணியடிப்பதற்குள் போர்டில் எழுதினால் தப்பிக்கலாம், இல்லையென்றால் ஆளுக்கொரு மூலை.

வெள்ளிக்கிழமை கணக்கைப் பார்த்ததும் உயிர் வந்தது. ஒரு ரயில் ஒரு பிளாட்பாரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ரயிலைப் பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும்! பிளாட்பாரத்தின் நீளத்தை வேகத்தால் வகுத்து முடித்துவிட்டேன். மற்ற இரண்டு பையன்களும் சரி என்றார்கள். அவள் மட்டும் கையைத் திறக்கவில்லை. “ஆமி மான்ச்சி நா” என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். நான் முதலில் கற்ற வங்காள வாக்கியமே அதுதான், அத்தனை முறை சொல்லியிருக்கிறாள்.

“எங்கப்பா டிரைவர், எனக்குத் தெரியாதா?” என்று எரிந்து விழுந்தேன்.

அவள் பென்சில் டப்பாவைப் பிளாட்பாரமாக வைத்தாள். என் ஸ்கேலை எடுத்து அதன் ஓரமாக நகர்த்தினாள். ஸ்கேலின் முனை டப்பாவைத் தாண்டியதும் “முடிஞ்சுது” என்றேன். ஸ்கேலின் பின்முனையில், கார்டின் பெட்டி வரும் இடத்தில், அவள் விரலை வைத்தாள். “என் பாபா இங்க இருக்கார். இன்னும் பிளாட்பாரத்தையே தாண்டல. எப்படி முடியும்?”

ரயிலின் நீளத்தையும் கூட்ட வேண்டும்! புரிந்த சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். மற்ற மேசைக்காரர்கள் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். “போ, போய் எழுது” என்று அவளைக் கிளப்பினேன். எங்களில் ஒருவன் இன்னும் விழித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பி, ஸ்கேலைப் பழைய இடத்தில் வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் தலையாட்டியபோது மணி அடித்துவிட்டது.

எங்களைக் கலைத்தார்கள். அவள் ஜன்னலோர மேசைக்குப் போனாள். அன்று மாலை அப்பாவிடம் அழுதேன். அவர் சிரித்தார். “அந்தப் பொண்ணு சொன்னதுதாண்டா சரி. மெதுவா போகச் சொன்ன எடத்துல, இன்ஜின் தாண்டிட்டா போதுமா? கடைசிப் பெட்டி தாண்டுற வரைக்கும் நான் வேகம் எடுக்கக் கூடாது.” டிரைவர் மகனுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வருடமே கார்டுக்கு மாற்றல் வந்து அவர்கள் போய்விட்டார்கள். நான் இந்த ஊரிலேயே தங்கி, கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கூட்டங்களில் ஒருவர் ஓகே என்றால் மளமளவென்று எல்லோரும் ஓகே என்கிறார்கள், நானும்தான். அப்போதெல்லாம் அவளை நினைத்துக்கொள்வேன். மேசை கலையும் என்று தெரிந்துதான் மறுபடி ஆரம்பித்தாளா? அந்தப் பையனுக்காக நின்றதுபோல், எனக்காகவும் எத்தனை தடவை நின்றிருப்பாள்? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை. எங்கே போய்க் கேட்பது?

சென்ற மாதம் அப்பாவை ஊருக்கு வண்டியேற்ற மகளோடு சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் போயிருந்தேன். வண்டி கிளம்பியது. அப்பாவின் பெட்டி எங்களைத் தாண்டியதும், தமிழோடு வங்காளம் கலந்து பேசும் மகள் என் சட்டையை இழுத்தாள். “தாத்தா போயிட்டாருப்பா, சொலோ, வீட்டுக்குப் போலாம்.”

“இரும்மா. இன்னும் தாண்டல.”

பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் பச்சைக் கொடியோடு கார்டு நின்றுகொண்டிருந்தார். அவர் பிளாட்பாரத்தின் நுனியையும் கடந்து போன பிறகுதான் என் கை மூடியிருப்பதைக் கவனித்தேன். விரித்துப் பார்த்தேன். வியர்த்திருந்தது.