கடிதம் கொடுத்தவர்களுக்கு வேறு

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். நட்டு, போல்ட், கிரீஸ், கையுறை என்று ஆட்கள் கேட்பதை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது வேலை. அவசரத்துக்கு ஒரு பொருள் எங்களிடம் இல்லையென்றால் பக்கத்துக் கம்பெனி ஸ்டோர்ஸுக்கு நானே நடந்து போய்க் கைமாற்றாக வாங்கி வருவேன். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்ததும் செக்யூரிட்டி கேட்டைத் திறந்துவிடுவார்.

கிழிந்த கையுறையைத் திருப்பிக் கொடுத்தால்தான் எங்கள் கம்பெனியில் புதியது தருவோம். எல்லாக் கையுறையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் கிழியும். அங்கே ஒரு துண்டு கூடுதலாக வைத்துத் தைக்கச் சொல்லிப் பர்ச்சேஸில் பலமுறை சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானே தைத்து விற்கிறேன் என்று கிளம்பியதற்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்தேன். மதியம் அரை நாள் லீவு போட்டு, ஒரு கிலோ ஆப்பிளோடு பஸ் ஏறிப் புதுவாயலுக்கு யோசனை கேட்கப் போனேன். வரிசையைக் கவனியுங்கள். கல்யாணப் பத்திரிகையை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு, இந்த இடத்தை முடிக்கலாமா என்று கேட்கிற ஜாதி நான்.

நான் பார்க்கப் போனவர் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவர். உலோகத் தூள் நிரப்பும் பெரிய பைகளைத் தைத்து எங்களுக்கும் சப்ளை செய்தார். நான்கு மெஷினில் தொடங்கியவரிடம் இப்போது எண்பது ஓடுகிறது. ஆரம்ப நாட்களில் சரக்குச் சலானில் என் கையெழுத்துக்காக ஸ்டோர்ஸ் வாசலில் நிற்பார். நான் அவரை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தது எப்போது என்று ஞாபகமில்லை. அவர் என்னை அன்றும் இன்றும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கேஸை அணைத்தாயா என்று விசாரிக்கும் குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"லெட்டர் குடுத்துட்டீங்களாக்கா?"

"உங்கள ஒரு வார்த்த கேக்காம குடுப்பேனா மேடம்?"

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. மரியாதை என்று நினைத்துத் தானாக வாயில் வந்தது. அவர் ஆப்பிள் பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படியென்றால் கொடுக்காதீர்கள், ஆறு மாதம் வேலையில் இருந்துகொண்டே வீட்டில் தைத்துப் பாருங்கள் என்று நிதானமாக விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இல்லாத ஒருத்திக்குச் சொன்ன யோசனை அது.

"குடுத்துட்டவங்களுக்கு சொல்றது வேற. அது இப்ப உங்களுக்கு வேணாம்," என்று முடித்தார்.

அந்த ‘வேற’ என்ன என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் குட்டு உடைந்துவிடும். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நோட்டீஸ் மாதம் முப்பது நாளும் புதிதாக வந்த ஆளுக்கு எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தேன். பிரிவு உபசாரத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதன் பிறகு ஐந்து மெஷின், தைக்க மூன்று பெண்கள், பையில் மாதிரிக் கையுறைகள். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்டிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சார் மீட்டிங்கில் இருப்பார், சார் சாப்பிடப் போயிருப்பார். எட்டு மாதத்தில் ஒரு ஸ்டோர்ஸ் வாசலைக்கூட மிதிக்க முடியவில்லை. பயமாக இருந்தது. தைக்க வந்த மூவரில் ஒருத்தி நின்றுவிட்டாள். இன்னொருத்தியும் வேறு இடம் தேடுவது தெரிந்ததும் மறுபடி புதுவாயலுக்குப் போனேன். இந்தத் தடவை வெறுங்கையோடு.

போன தடவை வந்த அன்றைக்குக் காலையிலேயே கடிதம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்று உட்காருவதற்கு முன்பே சொன்னேன்.

"தெரியும்க்கா," என்றார். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க ஆபீஸ்ல இருந்து போன் பண்ணாங்க. ஸ்டோர்ஸ்க்கு ஆள் இருந்தா சொல்லுங்கன்னு."

"அப்ப ஏன் மேடம் அன்னிக்கே கேக்கல?"

"இல்லன்னு நீங்களே சொல்றீங்க. ஆப்பிள் வேற எதிர்ல வெச்சிக்கினு உக்காந்துகினு கீறீங்க. பொய்யின்னு எப்டிக்கா சொல்றது?"

கோபம் வந்தது. அவர் மேல்தான். என் மேல் வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. கோபத்தோடுதான் கேட்டேன், கொடுத்துவிட்டவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று.

"நோட்டீஸ் மாசம் முழுக்க கழுத்துல கார்டு இருக்குதுல்ல? அத போட்டுக்கினு டெய்லி ரெண்டு ஸ்டோர்ஸ் போய் கிளவுஸ காட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். வேலைய உட்டு போறேன், இத தெச்சி தரப்போறேன்னு நேரா சொல்லணும். உங்களத்தான் எல்லா கேட்லயும் தெரியுமே."

இன்று மூன்று கம்பெனிகளுக்குக் கையுறை சப்ளை செய்கிறேன். ஒன்றில் மேடமே கூட வந்து உள்ளே அழைத்துப் போனார். மற்ற இரண்டு கேட்டிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். அந்த இரண்டுக்கும் முன்பு கைமாற்று வாங்கப் போயிருக்கிறேன், கேட்கவே கேட்காமல் திறந்துவிட்ட கேட்டுகள். முப்பதாம் நாள் அந்த அட்டையை ஈரத்துணியால் துடைத்து, கயிற்றைச் சுற்றி ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வந்தவள் நான்.