பெரியவரின் உள்ளறை

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நான்காம் வகுப்போடு நின்றவன்.

பழவங்காடியில் நான் வேலை செய்யும் ஓட்டலில் நேற்று இரும்பு ஷட்டரை இறக்கியபோது, அந்தச் சத்தத்தில் ஸ்ரீவராகத்து வீடு ஒன்று ஞாபகம் வந்தது. அம்மா அங்கே வீட்டுவேலை செய்தாள். நானும் கூடப் போவேன். அந்த வீட்டுப் பெரியவர் எங்கள் ஊர் மிருகக்காட்சிசாலையின் பழைய இயக்குநர்களில் ஒருவர். கம்பிக் கூண்டுகளை எடுத்துவிட்டு, அகழி வெட்டி, புலிகளைத் திறந்தவெளியில் உலவ விட்டவர். வயதான பிறகு வழி மறந்து தெருவில் அலைந்ததால், மகன் வாசலைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்திருந்தார்.

வாசல் பெருக்கக் கதவைத் திறக்கும்போது அவர் வெளியே போய்விடக் கூடாது. அதனால் அம்மா முதலில் உள்ளறையில் டீயை வைப்பாள். அவர் குடிக்கப் போனதும் அறைக் கதவைச் சாத்தித் தாழ் போடுவாள்.

ஒருநாள் அவர் போகவில்லை.

"செல்லம்மா, புலிக்கூட்டைக் கழுவறதுக்கு நான் சொல்லிக்கொடுத்த வழியாச்சே இது. இறைச்சியை உள்கூட்டுல வைப்போம். அது போனதும் கதவை இறக்கிடுவோம். உனக்கு யார் சொன்னா?" என்று சிரித்தார்.

"யாரும் சொல்லல, சாரே."

"ஒரே ஒரு தடவை புலிகளைப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேனே."

"மகன் சார் அறிஞ்சா என் வேலை போயிரும். இவனுக்குச் சோறு வேண்டாமா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளறைக்குள் போய்க் கதவை அவரே சாத்திக்கொண்டார். அம்மா தாழ்ப்பாளைத் தொடாமல் நின்றாள்.

"தாழையும் போட்டுடு" என்றார் உள்ளேயிருந்து. "வெறுமனே சாத்தின கதவை நம்பப்படாது."

அம்மா போட்டாள்.

ஆவணி மூன்று, ஞாயிற்றுக்கிழமை.