கேன் என்றால் பிரம்பு

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியறையில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஆஸ்திரேலியாவில் தோட்டக்கலையும் திராட்சை வளர்ப்பும் படிக்க விரும்பியவர்களுக்கு ஒரு தனி வகுப்பு தொடங்கினார்கள். தொழில் சொற்கள் என் பொறுப்பு. சூப்பர்மார்க்கெட் பெட்டியில் திராட்சையைப் பார்த்திருக்கிறேனே தவிர, கொடியைப் பார்த்ததே இல்லை. அகராதியைப் பார்த்துப் பட்டியல் தயாரித்தேன். அதில் ‘கேன்’ என்றால் பிரம்பு என்று எழுதினேன்.

கிள்ளானிலிருந்து ஒரு பெண் வருவாள். முப்பது வயதிருக்கும். பழச்செடி நர்சரியில் வேலை. ஒட்டுக்கட்டுவதும் பதியன் போடுவதும் அவளுக்குக் கைவந்தவை, ஆங்கிலம்தான் பயம். ரயிலில் நின்றபடியே பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வருவாள்.

கல்லூரியின் நேர்காணல் கணினி வழியே நடந்தது. கொடியைக் கத்தரிக்கும்போது எத்தனை கேன் விடுவாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

“செடி சாயாம இருக்க ரெண்டு நடுவேன்னு சொன்னேன் சார். திரும்பத் திரும்பக் கேட்டாங்க. நானும் அதையேதான் சொன்னேன்.”

அடிப்படைச் சொற்களே தெரியவில்லை என்று மறுத்து மின்னஞ்சல் வந்திருந்தது.

“நமக்கு இங்கிலீஷ் வராது சார், விடுங்க லா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றே தேடிப் பார்த்தேன். திராட்சைத் தோட்டத்தில் கேன் என்பது போன பருவத்தில் வளர்ந்து முற்றிய கிளை. அடுத்த காய்ப்புக்காக வெட்டாமல் விட்டுவைப்பது. பட்டியலைத் திருத்தி மற்றவர்களுக்குக் கொடுத்தேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

ஓராண்டு கழித்துக் காஜாங்கில் ஒரு துணிக்கடையில் அவளைப் பார்த்தேன். படிக்கப் போகும் நம்பிக்கையில் நர்சரி வேலையை நேர்காணலுக்கு முன்பே விட்டுவிட்டாளாம். சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ‘கேன்’ங்கிற வார்த்தைய நான்தான் தப்பா எழுதிக் குடுத்தேன்மா. உன் மேல தப்பே இல்ல” என்றேன்.

அவள் கை நின்றது.

“எப்போ தெரியும் சார்?”

“அன்னைக்கே.”

மறுபடியும் மடிக்கத் தொடங்கினாள். “அப்பீல் பண்ணப் பத்து நாள் டைம் குடுத்திருந்தாங்க சார். தப்பு என்னோடதுன்னு நெனச்சு நான் பண்ணல.”

ஓர் அம்மாள் உள்ளே வந்தார். “வாங்க ஆன்டி, என்ன பாக்குறீங்க?” என்று கேட்டபடி அவள் அந்தப் பக்கம் போனாள். நான் சிறிது நேரம் நின்றிருந்தேன். அவள் அடுக்கிலிருந்து ஒவ்வொரு சேலையாக எடுத்து விரித்துக்கொண்டேயிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.