அண்ணிக்கு ஆறு கேக்

வாழைத்தாருக்குப் பொறுமை கிடையாது. மாதக்கணக்கில் பச்சையாகவே நின்று நம் கழுத்தை அறுக்கும். பழுக்கத் தொடங்கினால் நாலே நாளில் மொத்தமும் பழுத்து வீடெல்லாம் வாடையடிக்கும். கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டுக்குப் பின்னால், சாக்கடைக்கும் வேலிக்கும் நடுவே கையகல மண் இருக்கிறது. அதில் அம்மா நட்ட வாழை மூன்று வருடத்துக்கு முன் ஒரே சமயத்தில் இரண்டு தார் தள்ளியது. தின்று மாளவில்லை. தோலை உரித்து டப்பா டப்பாவாக ஐஸ்பெட்டியில் அடைத்தேன். அந்தப் பழத்தில்தான் ஆறு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு கேக் சுட்டேன். ஆறும் அண்ணிக்கு.

அண்ணிமேல் எனக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிடவில்லை. காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல் வரும்.

அந்த வருடம் என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். நான் அதற்கு முன்பே விட்டுவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முட்டி நன்றாக இருக்கும்போதே ஒரு வருடம் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிடுவோம் என்று இருவரும் முடிவு செய்தோம். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். ஐரோப்பாவில் ஒரே மூச்சில் மூன்று மாதத்துக்கு மேல் இருக்க விடமாட்டார்களாம், அதனால் அடுத்தது துருக்கி, பிறகு இங்கிலாந்து, குளிர் வந்ததும் நியூசிலாந்து. கிளம்புவதற்குள் செய்யவேண்டியவை என்று ஒரு பட்டியல் எழுதினேன். கார் பேட்டரியைக் கழற்ற வேண்டும். தண்ணீர்க் குழாயை அடைக்க வேண்டும். அடுத்த வரி, அம்மா. ஆமாம், பெற்ற தாயைக் குழாய்க்குக் கீழே எழுதி வைத்தவள் நான். கையெழுத்துகூட அழகாகத்தான் இருந்தது.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. எட்டு வருடமாக எங்களோடு இருந்தாள். அதற்கு முன் சுங்கை பூலோவில் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஒரு நாள் விருந்தாளிகள் முன்னால், அத்தை வைத்த குழம்பை வாயில் வைக்க முடியவில்லை, ஒரே உப்பு என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அம்மா ஒரு பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்துவிட்டாள். "இனிமே அந்த வீட்டுல ஒரு ராத்திரிகூடத் தங்கமாட்டேன்," என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். போவாள், பேரப்பிள்ளைகளைப் பார்ப்பாள், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள்.

ஆக, ஒரு வருடம் அம்மாவை வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணியிடம் கேட்க வேண்டும். நேரே கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. நம் வீடுகளில் யார்தான் நேரே கேட்கிறோம்? முதலில் கை நிறையக் கொண்டுபோக வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், நேரம் பார்த்து மெல்ல ஆரம்பிக்க வேண்டும். இரண்டு கேக்கில் அண்ணி இளகிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அண்ணியை நான் சரியாக எடைபோடவில்லை. அவர் வெறும் டப்பாவைத் திருப்பித் தருகிற ஆள் இல்லை. முதல் வாரம் கேக் போன டப்பாவில் ஆட்டுக்கறிப் பிரட்டல் வந்தது. அடுத்த வாரம் அச்சாறு. அதற்கடுத்த வாரம் சுறாப்புட்டு, அதுவும் இரண்டு டப்பா. நான் ஒரு படி ஏறினால் அவர் இரண்டு படி ஏறினார். அவர் கொஞ்சமாவது கூச்சப்பட்டு நின்றால்தானே நான் வாயைத் திறக்க முடியும்? ஒவ்வொரு வாரமும் நான்தான் நெளிந்துகொண்டு வீடு திரும்பினேன்.

"நீ கேக்கு கொடுக்கிற, அவங்க கறி கொடுக்கிறாங்க. பாசார்ல யாவாரம் பண்ற மாதிரி இருக்கு லா," என்று என் கணவர் காரில் சிரிப்பார். பின்சீட்டில் அம்மா இருப்பாள். நான் அவர் தொடையில் கிள்ளுவேன்.

ஐந்தாம் வாரம் அண்ணியே கேட்டுவிட்டார். "என்ன, வாரா வாரம் கேக்கு? சோழியன் குடுமி சும்மா ஆடாதே!"

"சும்மாதான் அண்ணி. பழம் வீணாப் போவுது." சொல்லும்போதே என் காது சூடாகிவிட்டது. அண்ணன் மூன்றாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தார். அவருக்கு எப்போதும் எதுவும் உறைக்காது.

இதில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்த ஆறு கேக்குக்கும் பழம் மசித்துக் கொடுத்தது அம்மா. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முள்கரண்டியால் நிதானமாக மசிப்பாள். "அவளுக்கு ஏலக்காய் பிடிக்காது, போட்டுராத," என்று ஞாபகப்படுத்துவாள். எதற்கான கேக் என்று தெரியாமல் மசிக்கிறாளே என்று எனக்கு உறுத்தும். உறுத்தும், அவ்வளவுதான். முட்டை அடிப்பதை நான் நிறுத்தியதில்லை.

ஆறாம் ஞாயிறு காலை, கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே அம்மா கேட்டாள்.

"இன்னும் எத்தன கேக்கு போடணும், அவ சரின்னு சொல்ல?"

நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். சல்லடையில் மாவு தீர்ந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"எதும்மா?" என்றேன்.

"நடிக்காத. எனக்கு முட்டிதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் மேசைல உக்காந்து துருக்கி துருக்கின்னு பேசறது பக்கத்து வீட்டுக்கே கேக்குது."

"இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலம்மா…"

"பேக்கிங் பவுடர் போட்டியா?"

போட்டிருக்கவில்லை. போட்டேன். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகள் எத்தனையோ இருந்தன. மன்னிச்சிருங்கம்மா என்றிருக்கலாம். உங்களுக்கு அங்க போக சம்மதமா என்றாவது கேட்டிருக்கலாம். ஆறு வாரத்தில் அண்ணியைப் பற்றி யோசித்தேனே தவிர, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கத்தில் வாய் வரவில்லை என்று சொல்வது பொய். கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

சுங்கை பூலோவில் எல்லாரும் உட்கார்ந்து டீ குடித்தோம். அண்ணி கேக்கை வெட்டித் தட்டில் வைத்தார். அம்மா கிளாசைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள்.

"யம்மா, எனக்கு மகன் வீட்டுல கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசையா இருக்கு. ஒரு வருஷம் என்னை வச்சிக்கிறியா? கீழ இருக்கிற சின்ன ரூம்பு போதும். சமையல்கட்டுப் பக்கம் வரமாட்டேன்."

அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன், வாயில் கேக்கை வைத்துக்கொண்டு.

அண்ணன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இது உங்க வீடும்மா. வச்சிக்கிறியான்னு கேக்கறீங்களே!" அவருக்கு அவ்வளவு சந்தோஷம், பாவம், அம்மாவுக்கு உண்மையிலேயே ஆசை வந்துவிட்டது என்று நம்பினார். அண்ணி அம்மாவின் கையைப் பிடித்து, "எப்ப வேணாலும் வாங்க அத்தை. சமையல்கட்டும் உங்களுதுதான்," என்றார். கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த நொடியில் முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, முடிந்தது. அதை மறைத்து எழுத எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை.

பிறகு அடுப்படியில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"இதுக்கா கேக்கு? நீ கேட்டிருந்தா மொத வாரமே சரின்னிருப்பேன். அவங்கள கேக்க வச்சிட்டியே."

கழுவிய டப்பாவையே நான் இன்னொரு தடவை கழுவினேன்.

திரும்பும் வழியில் காரில், கிள்ளானை நெருங்கும்போது அம்மாதான் முன்னால் சாய்ந்து என் கணவரின் தோளைத் தட்டினாள். "தம்பி, இப்ப டிக்கெட்டு போடலாம்ல?" அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம், ஒரு மாதம் மட்டும் போய் வரலாம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் மறுபேச்சு பேசியிருக்க மாட்டார்.

அன்று சாயங்காலமே டிக்கெட் போட்டோம். எனக்கு ஜன்னலோரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.