மடியில் இருந்த நூலுருண்டை

எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு கோடையில் நடந்தது இது. எங்கள் ஆரணியில் அமாவாசை என்றால் தறிக்கு ஓய்வு. அதற்கு முதல் நாள் சாயங்காலமே தெரிந்தவரின் டிராக்டரில் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு, நான், கணவர், எட்டு மாதக் கைக்குழந்தை, கணவரின் அண்ணன், அவர் மனைவியான என் ஓரகத்தி எல்லோரும் சந்தவாசல் பக்கத்துப் பாறைக்காட்டுக்குப் போனோம். டிரெய்லர் மேல் தார்ப்பாய் கட்டி அதிலேயே படுத்தோம். விடிந்து பார்த்தால் பாலைவனம் மாதிரி காய்ந்த பூமி, கண்ணுக்கு எட்டிய வரை பாறைகள்.

உள்ளே ஒரு பெரிய பாறை இன்னொன்றின் மேல் நுனியில் நிற்கிறது என்றார்கள். பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "கொயந்த எழுந்துக்கும், ஜல்தியா வந்துடு" என்றார் கணவர். புட்டிப்பால் பழகாத பிள்ளை. பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு ஓரகத்தியோடு கிளம்பினேன்.

வழி தப்பாமல் இருக்க, முந்தானையில் முடிந்து வந்த துண்டுப் பட்டு நூல்களைத் திருப்பத்துக்கு ஒரு நிறமாக முட்செடிகளில் கட்டிக்கொண்டே முன்னால் போனேன். அந்தப் பாறையையும் பார்த்தேன். ஆசை தீரப் பார்த்துவிட்டுத் திரும்பினால், ஒரு நூலையும் காணோம்! எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருந்தது. கத்தினால் எங்கள் குரல்தான் திரும்பி வந்தது. வெயில் ஏற ஏற, பால் கட்டி என் ரவிக்கை நனைந்தது. பிள்ளை பசியில் வீறிடுமே என்று சந்து சந்தாக ஓடிப் பார்த்தேன்.

"கட்டின நூலெல்லாம் இன்னாக்கா ஆச்சு?"

ஓரகத்தி மடியைத் தொட்டுக் காட்டினார். "நாந்தான் அவுத்துகினு வந்தேன். நீ வெளையாட்டுக்குக் கட்றேன்னு நெனச்சேன். பட்டு நூல போயி யாராவது முள்ளுல உட்டுட்டு வருவாங்களா?"

எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் எதற்குக் கட்டுகிறேன் என்று நானும் சொல்லவில்லையே! தறிவீட்டுக்காரிக்குத் துண்டு நூலைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

அவர் மடியிலிருந்து எடுத்தது ஒரு சின்ன உருண்டை. "சும்மா நடப்பானேன்னு, முடிபோட்டு சுத்திகினே வந்தேன்" என்றார் பாவமாக.

சட்டென்று எனக்கு உயிர் வந்தது. எந்த நிறத்தை எங்கே கட்டினேன் என்பது ஞாபகம் இருந்தது, வரிசைதான் குழம்பியிருந்தது. கடைசியில் அவிழ்த்த நூல்தானே உருண்டையில் மேலே இருக்கும்!

"பிரிங்கக்கா" என்றேன். முதலில் வாடாமல்லி நிறம் வந்தது, அது பிளந்த பாறையருகே கட்டியது. அடுத்து எலுமிச்சை மஞ்சள், கள்ளிப் புதர். அவர் நிறத்தைச் சொல்லச் சொல்ல, அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று தேடினேன். தப்பான சந்துகளில் நுழைந்து முழங்கை சிராய்த்தது. மறுபடி முந்தின இடத்துக்கே வந்து தேடினோம். கடைசியாக அரக்குச் சிவப்பு வந்தபோது பிள்ளை அழுவது கேட்டது. ஓடிப்போய் வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டேன். கணவர் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை.

இப்போதும் கீழே கிடக்கும் நூலை ஓரகத்தி பொறுக்கும்போது வீட்டில் யாராவது கேலி செய்தால் எனக்குப் பொறுக்காது. அன்று வழியைத் தொலைத்தது அந்தக் கைதான், என்னை என் பிள்ளையிடம் கொண்டுவந்து சேர்த்ததும் அதே கைதான்.